மூன்றாம் ஷெட் வெல்லம்

மௌலா அலி, ஹைதராபாத்
12-1-2025

அன்புத் தங்கை மங்களத்துக்கு,

அண்ணன் கோவிந்தராஜன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். நீயும் ஹர்ஷிதாவும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூட்டு வலி எப்படி? இந்தப் பனியில் கடைக்குள் வெறுந்தரையில் உட்காராதே என்றால் நீ கேட்கவா போகிறாய்.

கடிதத்தைப் பார்த்ததும் பயந்திருப்பாய். நம் வீட்டுக்குக் கடைசியாகக் கடிதம் வந்து இருபது வருஷம் இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. தொண்டை கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஹைதராபாத் தூசி. கொஞ்ச நாளைக்குப் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இனி ஞாயிற்றுக்கிழமை போன் வேண்டாம். உன் பட்டன் போனில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஹர்ஷிதா போனுக்கு அனுப்பினால் அவள் படித்து நீ கேட்க வேண்டும். நம் சண்டைக்கு நடுவில் அந்தப் பெண் எதற்கு? திட்டுவதைக் காகிதத்திலேயே திட்டு.

உன் அண்ணிக்கு ஒரே கொண்டாட்டம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இப்போதுதான் வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லையாம். பொங்கலுக்குக் கரும்பு தேடி மூன்று கடை ஏறி இறங்கினாள். கடைசியில் கிடைத்தது முழங்கை நீளத்துக்கு இரண்டு துண்டு. அதையும் அவளே தின்ன வேண்டும். எனக்கு இப்போது கெட்டியாக எதுவும் இறங்குவதில்லை.

பொங்கல் நல்லபடியாக நடக்கட்டும். ஹர்ஷிதாவுக்கு என் ஆசீர்வாதம்.

அன்புடன்,
அண்ணன்


வாணியம்பாடி
20-1-2025

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

மங்களத்தின் வணக்கம். நானும் என் பெண் ஹர்ஷிதாவும் நன்றாக இருக்கிறோம். உங்கள் தொண்டையைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக இருக்க மலையடிவாரத்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். தொண்டைக்குத் தனியாக ஒரு எலுமிச்சை மாலை சொல்லியிருக்கிறேன்.

அண்ணா, மூன்று ஞாயிறு நான் போன் செய்தேன். நீங்கள் எடுத்தீர்கள். நான் இங்கே 'அண்ணா அண்ணா' என்று கத்துகிறேன், அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கிறது. லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். நாலாவது வாரம் அண்ணி எடுத்து, 'அவரு குளிச்சிட்டு இருக்காரு' என்றார்கள். அந்தக் குளியல் இன்னும் முடியவில்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கென்று வாரத்தில் இருந்தது உங்கள் ஞாயிற்றுக்கிழமை போன் ஒன்றுதான். கேலி செய்து எழுதினால் நான் மறந்துவிடுவேன் என்று நினைக்காதீர்கள்.

நாட்டு மருந்துக் கடைக்காரியின் அண்ணனுக்குத் தொண்டை கட்டினால் ஊர் சிரிக்கும். பார்சலில் மாசிக்காய், சித்தரத்தை, அதிமதுரம் அனுப்பியிருக்கிறேன். மாசிக்காயை உடைத்துக் கொதிக்கவிட்டு வெதுவெதுப்பாகக் கொப்பளியுங்கள். சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். பத்து நாளில் குரல் கணீரென்று வராவிட்டால் கடையை மூடிவிடுகிறேன்.

உங்கள் கம்பெனியில் என்னதான் செய்கிறீர்கள் என்று ஹர்ஷிதா கேட்கிறாள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி கடைசி வருஷம் வந்தும் மாமா வேலை என்னவென்று தெரியவில்லை என்று வருத்தம். 'ஆசிட் கம்பெனி' என்று மட்டும் சொன்னேன். அவளுக்காகவாவது கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.

உங்கள்,
மங்களம்


மௌலா அலி
2-2-2025

அன்புத் தங்கைக்கு,

இருவரும் நலம்தானே? பார்சல் வந்தது. பிரித்ததும் சிரித்தேன். சத்தம் வராமல் சிரிப்பது எப்படி என்று இப்போது பழகியிருக்கிறேன். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்துவிட்டாயே! உன் கைப்பிடி மாசிக்காய் எங்கே, நாங்கள் மாதத்துக்கு லாரி லாரியாக உடைத்துக் கொதிக்கவைக்கிற காய் எங்கே?

ஹர்ஷிதாவுக்கு எழுதுகிறேன். மாசிக்காய், கடுக்காய், பெரு நாட்டிலிருந்து வருகிற தாரா என்கிற காய், எல்லாவற்றிலும் துவர்ப்பு இருக்கிறது. உங்கள் ஊர்க்காரர்கள் அந்தத் துவர்ப்பை வைத்துத் தோலைப் பதனிடுகிறார்கள். நாங்கள் அதை உடைத்து காலிக் அமிலம் எடுக்கிறோம். முதல் ஷெட்டில் காயை வெந்நீரில் ஊறவைத்துச் சாறு இறக்குவோம். அதில் காரம் சேர்த்துக் கொதிக்கவைப்போம். பிறகு புளிப்பேற்றிக் குளிரவிட்டால் அடியில் ஊசி ஊசியாகப் படிகம் இறங்கும். இரண்டாம் ஷெட்டில் அதைக் கரியில் சுத்தம் செய்து காயவைப்போம். கோலமாவைவிட வெள்ளையாக வரும். ஆனால் ஒரு இரும்புக் கரண்டி பட்டால் போதும், மையாகக் கறுத்துவிடும். பழைய பத்திரங்கள் எழுதிய மை இதுதான். நீ விற்கிற மாசிக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்ந்தால் மை. பதினைந்து வருஷம் என் நகக்கண் கறுப்பாக இருந்தது உனக்கு நினைவிருக்கும். 'அண்ணன் வக்கீல் குமாஸ்தாவா?' என்று உன் மாமியார் கேட்டார்களே.

இந்த அமிலம் போகாத இடமில்லை. தலைச்சாயத்தில் இருக்கிறது. எண்ணெய்ப் பலகாரம் சிக்கு வாடை அடிக்காமல் இருக்கச் சேர்க்கிற பொருளும் இதிலிருந்து வருவதுதான். கம்ப்யூட்டர் சில்லு செய்கிற இடத்துக்கும் வாங்கிப் போகிறார்கள். மூன்றாம் ஷெட்டில் இதோடு மெத்தில் என்று ஒன்றைச் சேர்ப்போம். அது இன்னும் நாலைந்து கை மாறி டிரைமெத்தோப்ரிம் என்கிற மருந்தாகிறது. போன வருஷம் உனக்கு நீர்க்கடுப்பு வந்தபோது சாப்பிட்ட மாத்திரையில் அது இருந்தது. உன் கடைச் சரக்கு உன் வயிற்றுக்கே மாத்திரையாகத் திரும்பி வந்திருக்கிறது, பார்த்தாயா?

ஒன்றரை வருஷமாக நான் மூன்றாம் ஷெட்டில். அங்கே எங்களுக்குத் தனி மரியாதை. ஷிஃப்ட் முடிந்ததும் ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம் தருவார்கள். நெஞ்சில் போனதையெல்லாம் வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடுமாம். மற்ற ஷெட்காரர்களுக்கும் லேப்காரர்களுக்கும் வெறும் டீதான். அதனால் எங்கள் மேல் அவர்களுக்குப் பொறாமை. எங்கள் இன்சார்ஜ் பக்தவத்சலம் என்று ஒரு மனிதர். எதைக் கேட்டாலும், 'ஏம் காது' என்பார். ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். கம்பெனிக்கே அந்தப் பெயரை வைத்திருக்கலாம்.

ஆசிட் என்றதும் கையைச் சுடும் என்று நினைத்துவிடாதே. குழந்தை நாக்கில் உரைத்துத் தடவுகிற சாமான்தான். தொண்டை தேவலை. கொப்பளிக்கிறேன்.

அண்ணன்


வாணியம்பாடி
25-2-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

மங்களம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே யாவரும் சுகம். அண்ணிக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை ஹர்ஷிதா மூன்று முறை படித்தாள். வெந்நீர், காரம், படிகம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு, இங்கிலீஷில் ஏதேதோ அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறாள். காலேஜில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். 'எங்க மாமா மாசிக்காய்ல இருந்து மாத்திரை செய்யறாரு'. எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. நாற்பது வருஷமாக இந்தக் காயைத் தராசில் போடுகிறோம். அதற்குள் இத்தனை இருப்பது தெரியவில்லை.

அண்ணா, மனசில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன். ஏப்ரலில் அவளுக்குப் பரீட்சை முடிகிறது. உங்கள் கம்பெனி லேபில் பெண்பிள்ளைகள் நிறைய இருப்பதாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அவளைச் சேர்த்துவிடுங்கள். உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். உங்களுக்கும் குழந்தை இல்லை, அவளுக்கும் அப்பா இல்லை. வேறு ஊரில், வேறு கம்பெனியில் என்றால் எனக்குப் பயம். இது மாசிக்காய் கம்பெனி, மாமா இருக்கிற கம்பெனி. இதைவிட என்ன வேண்டும்?

குரல் வந்துவிட்டதா? மறக்காமல் எழுதுங்கள். நான் கடையை மூட வேண்டுமா கூடாதா என்று தெரிய வேண்டும்.

மங்களம்


மௌலா அலி
9-3-2025

மங்களத்துக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

ஹர்ஷிதா இங்கே வேண்டாம். இப்போது கம்பெனியில் ஆள் எடுக்கவில்லை. எடுத்தாலும் அவளுக்குத் தெலுங்கு தெரியாது. பஸ் விட்டு இறங்கி வெகுதூரம் நடக்க வேண்டும், பெண்பிள்ளைக்குச் சரிப்படாது. ஏப்ரல், மே வெயில் இங்கே ஆளைக் கொல்லும். பி.எட். படிக்கச் சொல். டீச்சர் வேலைக்கு என்ன குறை?

குரல் இன்னும் முழுசாக வரவில்லை. கடையை மூடாதே.

அண்ணன்


வாணியம்பாடி
30-3-2025

அண்ணாவுக்கு,

எல்லோரும் சௌக்கியம்.

கடையில் கடன் சொல்ல வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே காரணம் சொன்னால் அது உண்மையாக இருக்கும். நாலு காரணம் சொன்னால் நாலும் பொய். நீங்கள் நாலு காரணம் எழுதியிருக்கிறீர்கள்.

அவளைப் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கியது நீங்கள். அவள் நாக்கில் மாசிக்காய் உரைத்துத் தடவியது அண்ணி. இன்றைக்கு உங்கள் வீட்டில் அவளுக்கு ஒரு பாய் விரிக்க இடமில்லை. வெயிலாம். வாணியம்பாடியில் என்ன பனியா பெய்கிறது?

அண்ணிக்கு இஷ்டமில்லை என்றால் அதையாவது நேராகச் சொல்லியிருக்கலாம். அழுதுகொண்டுதான் எழுதுகிறேன். மறைக்கவில்லை.

மங்களம்


மௌலா அலி
18-5-2025

அன்புத் தங்கை மங்களத்துக்கு,

நீ நலமா? ஹர்ஷிதா நலமா? ஏப்ரலில் ஒன்று, இம்மாதம் ஒன்று என்று இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. பரீட்சை எப்படி எழுதினாள்? உன் கோபம் நியாயம்தான். அண்ணி மேல் மட்டும் பழி போடாதே. அவள் ஹர்ஷிதாவுக்கென்று தைத்து வைத்திருக்கிற பாவாடை சட்டைகள் இன்னும் பெட்டியில் இருக்கின்றன.

வாசலில் காற்று நன்றாக வருகிறது என்று பகலெல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். எதிரே மௌலா அலி குன்று. அதன் மேல் தர்காவுக்குப் படியேறுகிறவர்களை எண்ணுவேன். முன்பெல்லாம் நான் ஒரே மூச்சில் ஏறுவேன்.

கோபம் தீர்ந்ததும் எழுது.

அண்ணன்

மங்களம், இது லலிதா அண்ணி. உன் அண்ணன் சொன்னால் அதில் அர்த்தம் இருக்கும். இதற்கு மேல் எழுதக் கூடாது என்று பேனாவைப் பிடுங்குகிறார்.


வாணியம்பாடி
6-7-2025

அன்புள்ள அண்ணா, அண்ணி இருவருக்கும்,

மங்களத்தின் நமஸ்காரம். இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். ஒரு நல்ல செய்தியோடுதான் எழுத வேண்டும் என்று வீம்பாக இருந்தேன்.

ஹர்ஷிதாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. வேறெங்கும் இல்லை, ஹைதராபாத்தில், உங்கள் கம்பெனியிலேயே! காலேஜுக்கு ஆள் எடுக்க ஒரு ஏஜென்சி வந்தது. கம்பெனிப் பெயரைப் பார்த்ததும் குதித்துவிட்டாள். காலிக் ஆசிட் பற்றித்தான் கேள்வி கேட்டார்களாம். உங்கள் கடிதத்தில் இருந்ததை அப்படியே சொல்லியிருக்கிறாள், உடனே எடுத்துக்கொண்டார்கள். ஜூன் 16-ம் தேதி சேர்ந்தாள். கம்பெனிக்குப் பக்கத்திலேயே லேடீஸ் ஹாஸ்டல். மார்க்‌ஷீட் எல்லாம் ஒரிஜினலாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள், இரண்டு வருஷம் பாண்டு. அது எல்லா இடத்திலும் வழக்கமாம். கோவிந்தராஜன் என் மாமா என்று யாரிடமும் சொல்லாதே, சிபாரிசு என்று நினைப்பார்கள் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். உங்கள் கண்ணில் படாமல் ஒரு மாதம் ஓட்டிவிட்டு, சம்பளத்தில் அண்ணிக்குப் புடவை வாங்கிக்கொண்டு வந்து நிற்பதாகத் திட்டம். வருத்தத்தில் இருந்தேன், அதனால் நானும் சரி என்றேன். ஆனால் மனசு கேட்கவில்லை. அதான் முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

ஏ.சி. போட்ட லேபாம். நல்ல மனிதர்களாம். நீங்கள் எழுதியது போலவே ஷிஃப்ட் முடிந்ததும் அவளுக்கும் ஒரு கட்டி வெல்லம் தருகிறார்களாம். 'மாமா சொன்ன வெல்லம்மா' என்று போனில் சிரித்தாள்.

இனியாவது கோபம் வேண்டாம். அவளைப் போய்ப் பாருங்கள்.

மங்களம்


மௌலா அலி
13-7-2025

மங்களம்,

லேப்காரர்களுக்கு வெல்லம் கிடையாது. மூன்றாம் ஷெட்டுக்குள் போகிறவர்களுக்குத்தான் வெல்லம். அவளை அங்கே அனுப்புகிறார்கள். சாம்பிள் எடுக்கப் போகிறாள். உடனே அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடு.

நான் உன்னிடம் பொய் சொன்னேன். தொண்டை கட்டவில்லை. எனக்குக் குரல் இல்லை.

மூன்றாம் ஷெட்டில் மெத்தில் சேர்ப்பதற்கு டைமெத்தில் சல்பேட் என்று ஒன்று ஊற்றுவோம். எண்ணெய் மாதிரி இருக்கும். நிறம் கிடையாது. வாசனையும் கிடையாது என்றே சொல்லலாம், வெங்காயம் மாதிரி லேசாக ஏதோ வரும். மூச்சில் போனால் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. எரியாது, இருமல் வராது. சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வரலாம். அரை நாள் கழித்துத்தான் அது வேலையைக் காட்டும். டிசம்பரில் ஒருநாள் குழாய் மூட்டில் கசிந்தது. என் முகமூடியின் வடிகட்டி காலாவதியாகி நாலு மாதம் ஆகியிருந்தது. பக்தவத்சலத்திடம் சொன்னேன். 'ஏம் காது' என்று சொல்லி, அன்றைக்கு இரண்டு கட்டி வெல்லம் கொடுத்தார். நானும் தின்றேன். அதுதான் எனக்கு வெட்கம். இருபத்து மூன்று வருஷம் கெமிக்கல் கம்பெனியில் இருந்தவன், படித்த அண்ணன் என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறவன், விஷத்துக்கு வெல்லம் போதும் என்று நம்பினேன். மறுநாள் விடிந்ததும் லலிதாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. கண் திறக்கவில்லை.

பதினோரு நாள் ஆஸ்பத்திரி. எனக்கு முன்பே தொண்டை நோய் இருந்ததாக எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் அதில் இருந்தது. போடாவிட்டால் கம்பெனி வைத்தியம் பார்க்காது. ஜெஸ்ஸி என்று நாகர்கோவில் டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். நான் எழுதிக் காட்டிக் கேட்டேன். 'உங்ககிட்ட மறைக்க மாட்டேன். குரல் இனி வராது. நுரையீரலும் சுருங்கிட்டே போகுது. படியேறாம பாத்துக்குங்க' என்றார். அன்றிலிருந்து வேலைக்குப் போகவில்லை. உனக்கு எழுதியபடி கொப்பளித்தேன், மங்களம். தினமும் கொப்பளித்தேன்.

உன்னிடம் சொல்லியிருந்தால் நீ அவளை அனுப்பியிருக்க மாட்டாய். குழந்தை நாக்கில் தடவுகிற சாமான் என்று நான்தான் எழுதினேன். அந்த வரியை என்னால் மறக்க முடியவில்லை. அமிலத்தின் மேல் குற்றமில்லை. அந்த மாத்திரை எத்தனையோ பேரைப் பிழைக்கவைக்கிறது, அதுவும் உண்மை. குற்றம் என்னுடையது.

உன் கடிதம் கிடைத்ததும் ஹர்ஷிதாவுக்கு வாட்ஸப்பில் எல்லாம் எழுதினேன். 'லேப்தான் மாமா, டோன்ட் வொரி' என்று கட்டைவிரல் படம் போட்டு அனுப்பினாள். லலிதா உனக்குப் பத்து முறை போன் செய்தாள், நீ கடை சத்தத்தில் எடுக்கவில்லை. நேற்று நானே கம்பெனி கேட்டுக்குப் போனேன். செக்யூரிட்டிக்காரன் என்னைத் தெரிந்தவன். 'நக்கோ சாப், அந்தர் நக்கோ, ஆர்டர் நை' என்று, உள்ளே விட உத்தரவு இல்லையென்று, கையைப் பிடித்துக்கொண்டான். லேப் பெண்களின் பஸ் வந்தது. ஜன்னலோரம் அவள். காதில் ஒயர் மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று கஜம்கூட இருக்காது. நான் கத்தினேன், மங்களம். முழு பலத்தோடு கத்தினேன். பக்கத்தில் நின்றவனுக்குக்கூடக் கேட்கவில்லை. பின்னால் ஓடப் பார்த்தேன். நாலு எட்டில் மூச்சு நின்றுவிட்டது. பஸ் உள்ளே போனதும் கேட்டை மூடிவிட்டார்கள்.

ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். புறப்பட்டு வா.

அண்ணன்


வாணியம்பாடி
22-7-2025

அண்ணா,

நமஸ்காரம். என்ன நலம் விசாரிப்பது என்று தெரியவில்லை.

மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. ஆறு மாதமாக நான் மாசிக்காயும் சித்தரத்தையும் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். கடை மூட வேண்டுமா என்று கேலி வேறு. ஏன் அண்ணா சொல்லவில்லை? நான் அந்த அளவுக்கு அந்நியமா? உங்கள் மேல் இருக்கிற கோபத்தை உங்களை நினைத்து அழுதே தீர்க்கிறேன்.

ஹர்ஷிதாவிடம் பேசினேன். முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். மூன்றாம் ஷெட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் சாம்பிள் எடுக்கப் போகிறாளாம். புட்டியைக் கயிற்றில் கட்டி இறக்கி மொள்ள வேண்டுமாம். இனிப் போக மாட்டேன் என்று என் தலைமேல் சத்தியம் செய்திருக்கிறாள். ஆனால் உடனே வந்தால் மார்க்‌ஷீட் தர மாட்டார்கள். அது இல்லாமல் வேறெங்கும் வேலை இல்லை. மூன்று வருஷப் படிப்பு போய்விடும். 'அம்மா, ஒரு மாசம் டைம் குடு, நயமாப் பேசி வாங்கிட்டு வந்துடறேன்' என்கிறாள்.

இப்போது ஆடி பிறந்துவிட்டது. அவள் அப்பா ஆடியில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவருக்கு எதுவும் நிலைக்கவில்லை, உங்களுக்கே தெரியும். ஆவணி முதல் தேதி நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். ஆகஸ்ட் 17. டிக்கெட் போட்டாயிற்று. இருபத்தைந்து நாள்தான். இன்று காலையில்கூடப் பேசினாள். குரல் மணி மாதிரி இருக்கிறது.

மங்களம்


மௌலா அலி
28-7-2025

மங்களம்,

ஆடியும் பார்க்காதே, மார்க்‌ஷீட்டும் பார்க்காதே. காகிதம் போனால் போகட்டும்.

நேற்று ஹாஸ்டலுக்குப் போனோம். அவளை நேருக்கு நேர் பார்த்து எட்டு மாதம். என்னைக் கட்டிக்கொண்டு, 'பேசுங்க மாமா, ஒரே ஒரு வார்த்தை' என்றாள். நான் நோட்டில் எழுதினேன். எங்களோடு வந்துவிடு என்று எழுதினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருபது நாள்தானே, அம்மா வந்துவிடுவார்கள், இன்சார்ஜ் சாரிடம் சொல்லியாயிற்று, இனி லேபில்தான் என்றாள். யார் இன்சார்ஜ் என்று எழுதிக் கேட்டேன். பக்தவத்சலம் என்றாள். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

அவர் என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும்.

லலிதா போனில் சொன்னால் நீ ஆடி என்கிறாய், அதனால் நானே எழுதுகிறேன். நீ இன்றே புறப்படு. உன் அண்ணன் இதற்கு முன்னால் உன்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை.

கோவிந்தராஜன்


லேடீஸ் ஹாஸ்டல், ஹைதராபாத்
10-8-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

ஹர்ஷிதா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? மூட்டு வலிக்குத் தைலம் தேய்க்கிறாயா? கடையில் தனியாக மூட்டை தூக்காதே.

நான் கடிதம் எழுதுவது உனக்கு ஆச்சரியமாக இருக்கும். இங்கே நாலு நாளாக டவர் சரியில்லை. அதனால் நீ போன் பண்ண வேண்டாம். இன்னும் ஒரு வாரம்தானே, நேரில் பார்த்துவிடலாம். டிக்கெட்டைப் பத்திரமாக வை.

சத்தியத்தை மீறிவிட்டேன் என்று திட்டாதே. புதன்கிழமை சாம்பிள் எடுக்கிற ஆள் வரவில்லை. 'ஒரே ஒரு தடவை போயிட்டு வாம்மா, வந்ததும் உன் மார்க்‌ஷீட்டைக் கையில குடுத்துடறேன்' என்றார் சார். ஐந்தே நிமிஷம்தான் உள்ளே இருந்தேன். எதுவும் எரியவில்லை, வாசனைகூட வரவில்லை. சார் சொன்னபடி கொடுத்துவிட்டார். மார்க்‌ஷீட் மூன்றும் இப்போது என் தலையணைக்கு அடியில் இருக்கின்றன. ஒரு எழுத்துகூட மங்கவில்லை. நீ கவலைப்பட்ட விஷயம் முடிந்துவிட்டது, அம்மா.

கண் கொஞ்சம் சிவந்திருக்கிறது, அதனால் எழுத்து கோணலாக இருக்கும். தொண்டை கட்டியிருக்கிறது. ஹைதராபாத் தூசி. நீ மாசிக்காய் கொண்டு வா, கொப்பளித்தால் சரியாகிவிடும். மாமாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், அவரால் தாங்க முடியாது.

உன் குரல் கேட்காமல் இருக்க முடியவில்லை என்றால் நானே போன் போடுகிறேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே, அம்மா. நீ பேசு. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் மகள்,
ஹர்ஷிதா